ரகீயாவின் வாய்

"செருப்பை அங்கேயே கழட்டுடா. இது மனுஷங்க இருக்கிற வீடு."

ரகீயா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பை நெஞ்சோடு அணைத்தபடி இத்ரீஸ் தலைகுனிந்தான். பதினாறு வயது, ஆறடி உயரம். கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் கை போய்விடும் பயல்.

"மன்னிச்சிருங்க லல்லா. உங்க ஹம்ஸாவை அடிச்சது என் தப்புதான்." பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்த 'லல்லா'வை அவன் மறக்கவில்லை.

"தப்பா? ரெண்டு பல்லு போச்சு. சர்க்கரையைத் தூக்கிட்டு வந்தா பல்லு முளைச்சிருமா?"

மொராக்கோவின் காசாபிளாங்காவில் மன்னிப்புக் கேட்டுச் சர்க்கரையோடு வந்தவனை இப்படி வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள். ஆனால் இத்ரீஸுக்கு வேறு வழியில்லை. ஹம்ஸா வீட்டார் மன்னித்தால்தான் பள்ளிக்கூடம் அவனை வைத்துக்கொள்ளும். இன்னொரு முறை கை நீட்டினால் நேரே சிறார் நீதிமன்றம்.

அடுப்பில் ஹரீரா சூப் பொங்கியது. திட்டுவதை நிறுத்தாமலே போய்த் தீயைத் தணித்துவிட்டு வந்தாள் ரகீயா.

"உங்கப்பன் ஓடிப்போனவன்தானே? நீ வேற எப்படி இருப்ப?"

கூம்பைச் சுற்றிய தாள் கசங்கியது. அவன் மூச்சை இழுத்து மெல்ல விட்டான்.

"அப்பாவை விடுங்க லல்லா. தப்பு என்னோடது."

மேல்மாடியில் யாரோ சன்னலைத் திறந்தார்கள். "என்னம்மா சத்தம்? பிள்ளை தூங்குது."

"உன் வேலையைப் பாரு," என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு இவன் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அந்த வாய், சாக்கடையைத் திறந்துவிட்டதுபோல் ஓடியது.

"உங்கம்மா ஊரான் வீட்டுப் படி கழுவுறவ. படி மட்டுந்தான் கழுவுறாளான்னு யாருக்குடா தெரியும்?"

கூம்பு விழுந்து உருண்டது. இத்ரீஸின் வலது கை தோளுக்கு மேலே போயிருந்தது. ரகீயா ஒதுங்கவில்லை, முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"அடி. அடிச்சுத்தான் பாரேன்."

கை மெல்ல இறங்கியது. கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, குனிந்து கூம்பை எடுத்து மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான் அவன்.

"இன்னும் கை எழும்புது. நாளைக்கு நிஜமாவே அங்க போறப்ப, ஹம்ஸாவோட அம்மா என்னைப் பெத்த உன்னைப் பத்தி இப்படித்தான் பேசுவா," என்றான். "மறுபடியும் சொல்லும்மா."