இடக்கை மீட்டர்

பன்னிரண்டாவது தடவையாக விமானத்திலிருந்து குதிக்கப் போனான் தமீம். அவன் வலக்கையில் புதுக் கேமரா. இடக்கையில் உயரம் காட்டும் மீட்டர்.

"நான் எடுக்கிற படத்தை ஊரே பார்க்கும். உன்னை யாரு பார்க்கப்போறா?" என்றது கேமரா.

"இவன் ஒருத்தன் பார்த்தா போதும்," என்றது மீட்டர்.

குதித்ததும் தமீம் கேமராவைப் பார்த்துச் சிரித்தான், இடக்கையை ஆட்டினான். பாராசூட்டை விரிக்க வேண்டிய உயரத்தைத் தாண்டி, மீட்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டது.

"டேய், இங்கே பாருடா!" மீட்டர் கத்தியது.

"இன்னும் கொஞ்சம் சிரி," என்றது கேமரா.

நல்லவேளையாக, முதுகுப்பையிலிருந்த அவசர பாராசூட் தானாகவே விரிந்துகொண்டது.

கேமரா சொன்னது பலித்தது. புதிதாகப் பயிற்சிக்கு வருகிற அத்தனை பேருக்கும் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். தமீம் கையாட்டும் இடத்தில் பயிற்சி மாஸ்டர் படத்தை நிறுத்துவார். எல்லார் கண்ணும் முள்ளின் மேல்தான்.