புதன்கிழமை பெண்கள் நேரம்

“உள்ள வராதே, சவுந்தரம். குடும்பப் பொண்ணுங்க வர்ற இடம். உன்னை மாதிரி ஆளுங்களை விட்டா பேரு கெட்டுப்போகும்.”

குயீன் ஸ்ட்ரீட் தமிழ் வாசகசாலையின் செயலாளன் என்ற முறையில், வாசலை மறித்துக்கொண்டு சொன்னேன்.

சவுந்தரம் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். “குடும்பப் பொண்ணுங்க எங்க, கிராணியாரே?” கம்பெனியில் குமாஸ்தா வேலை என்பதால் ஊருக்கே நான் கிராணியார்.

நியாயமான கேள்விதான். புதன்கிழமை மாலை பெண்கள் நேரம் என்று பலகை மாட்டி மாதக்கணக்காகிறது. அன்று நான் பெண் கல்வி பற்றிப் பேசிய பேச்சுக்கு அப்படியொரு கைதட்டல். பெண்கள்தான் வரவில்லை. வந்தவள் இவள் ஒருத்தி.

சவுந்தரராஜனாகக் கப்பலேறி வந்தவள், பினாங்கில் சேலை கட்டிக்கொண்டு, ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள். ஊருக்கே தெரியும்.

“போன வாரம் நீங்க இல்லாதப்ப வந்து படிச்சேன், பாதிக் கதையில நிக்கிறேன். அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்துட்டா. பொழைச்சாளா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்.”

“முடியாது.”

போய்விட்டாள்.

அடுத்த வாரம் வட்டிக்கடை குமரப்பன் செட்டியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “பொம்பளைங்க நேரத்துல ஆம்பளைங்க உள்ள போகக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்களாம். நல்லது, நானும் வரலை. அவங்க படிக்கிறதைப் படம் எடுத்துக் காட்டுங்க. ஒரு பீரோ நிறையப் புத்தகம் வாங்கித் தர்றேன்.”

என் மனைவி ரீத்தாவிடம் கெஞ்சினேன்.

“ஏங்க, என் மூஞ்சியைப் படம் புடிச்சு ஊருக்கே காட்டப் போறீங்களா? நான் படிக்கப் போறேன்னு கேட்டப்ப, சோறு யாரு வடிப்பான்னு கேட்டீங்களே!”

பொருளாளர் ஆரோக்கியநாதன் வீட்டிலும், தலைவர் தங்கராஜு வீட்டிலும் இதே பதில்தான். காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மூன்று மேதைகள் கூடி யோசித்தோம். நாங்களே சேலை கட்டிக்கொண்டு உட்காருவது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெண் கல்விக்காக நான் மீசையை எடுத்தேன். ஆரோக்கியநாதன் தன் மீசையைப் புத்தகத்தால் மறைத்துக்கொள்வதாகச் சொல்லித் தப்பித்தார்.

ஆனால் சேலை கட்டத் தெரியவில்லை. வீட்டில் கேட்கவும் துணிச்சல் இல்லை. வெட்கத்தை விட்டு சவுந்தரத்தின் வீட்டுக்குப் போனேன்.

வயிறு குலுங்கச் சிரித்தாள். “சேலையும் தர்றேன், கட்டியும் விடறேன். கூலி வேணாம். அந்தப் புத்தகத்தை முடிக்க விடணும், அவ்வளவுதான் லா.”

புதன்கிழமை சீனப் படக்காரர் வந்தார். எங்களைப் பார்த்ததும் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், தோள் குலுங்கி அடங்கும்வரை வெளியே வரவில்லை. நாங்கள் இருவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டும், ஆரோக்கியநாதன் மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டும் கேமராவை முறைத்தோம்.

படம் வந்ததும் பகீரென்றது. ஓரத்து நாற்காலியில் சவுந்தரம் பளிச்சென்று விழுந்திருந்தாள். படம் எடுத்ததுகூடத் தெரியாமல் கதையில் மூழ்கியிருந்தாள்.

இன்னொரு படம் எடுக்கலாமென்றால், இனி சேலை கட்டுவதில்லை என்று ஆரோக்கியநாதன் மாதா மேல் சத்தியம் செய்துவிட்டார்.

செட்டியாரிடம் படத்தை நீட்டும்போது, சவுந்தரத்தின் முகத்தை என் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“விரலை எடுங்க, தம்பி.”

எடுத்தேன். பீரோ போயிற்று என்று நினைத்தேன்.

“அட, நம்ம சவுந்தரம்! ஊர்ல ஆச்சிக்கு அனுப்புற ரவிக்கையெல்லாம் இவ தைச்சதுதான். பாருங்க, இவ ஒருத்திதான் புத்தகத்துல கண்ணை வச்சிருக்கா. பீரோ நாளைக்கு வந்துரும். சாவி இவகிட்டயே இருக்கட்டும்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் அவர் விரல் நகர்ந்து, நடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆளின் மேல் நின்றது. படத்தையும் என் மீசையில்லாத முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது யாரு? முழியே சரியில்லையே! குடும்பப் பொண்ணுங்க வர்ற இடம், தம்பி. இந்த மாதிரி ஆளுங்களை விட்டா பேரு கெட்டுப்போகும்.”