கொசுறு

நினைவுகளை வெட்டி ஒட்டும் எடிட்டர் ஜெசிந்தாவின் மேசையில் அலமேலு மயங்கிக் கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் கம்பியால அடிச்ச நாலு நிமிஷம் இவளுக்கு மறக்கணும். வீக்கத்துக்கு மாடிப்படி மேல பழியைப் போட்டுக்கறேன்," என்றான் கணவன் தனுஷ்கோடி. பிறகு, காய் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கேட்பவன்போல, "கொசுறா எனக்கும் அதை வெட்டிடுங்க மேடம்."

"வெட்டின இடத்துல வேற ஷாட் ஒட்டணும் சார்."

"எதையாவது ஒட்டுங்க."

ஒரே காட்சி, இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். ஜெசிந்தாவுக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான். அலமேலுவிடம் வெட்டிய நாலு நிமிடத்தை அப்படியே அவன் தலைக்குள் ஒட்டினாள்.

விழித்தவன் மண்டையைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தான். "அடிக்காதீங்க, செத்துடுவேன்," என்று அலறினான்.

மயக்கம் தெளிந்து எழுந்திருந்த அலமேலு பதறிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"யாருங்க உங்களை இப்படி அடிச்சது?"