சாப்பாட்டு நேரத்தில் காட்டிய வீடு

காசிமாயனின் மதுரைப் பேச்சைக் கேட்டதுமே, அப்பாவும் மகளும் திருப்பூருக்குப் புதுசு என்று வீட்டு புரோக்கர் ஆறுச்சாமி முடிவுகட்டிவிட்டார். கல்லூரிப் பெண் படிப்பதற்காக, எறும்பு தும்மினால்கூட எட்டு வீட்டுக்குக் கேட்கும் அமைதியான தெருக்களாகப் பார்த்துக் காட்டினார்.

"இங்க படிப்பு ஏறாதுண்ணே," என்று அத்தனையையும் தள்ளினாள் மகள் அபிராமி. திங்கட்கிழமை பரீட்சை வேறு.

மிச்சமிருந்தது நெருப்பெரிச்சல் பகுதியிலிருந்த வீடுதான். சுவரை ஒட்டியே பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. மெஷின் ஓடினால் நிலாவே அதிரும். ஆறுச்சாமி தந்திரமாக, மெஷினை நிறுத்தும் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிப்போனார்.

"ஈ பறந்தாக் கேக்குமுங்க!"

"வேணாம்ணே."

அந்த நேரம் பார்த்து மெஷின்கள் கிளம்பின. ஜன்னல் குதித்தது. ஆறுச்சாமியின் முகம் செத்துப்போனது.

அபிராமியோ தரையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துவிட்டாள்.

"இந்த வீடுதாண்ணே!"

"இந்தச் சத்தத்துலயா, கண்ணு?" என்றார் ஆறுச்சாமி.

"இதே திருப்பூரு மண்ணரையில அப்பா ஓட்டுன மெஷினுக்குப் பக்கத்துலதாண்ணே எனக்குத் தொட்டில் கட்டுனாங்க. மெஷின் நின்னா அப்பாவுக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். சத்தம் இல்லைன்னா இன்னிக்கும் ஒரு எழுத்து மண்டையில ஏறாது."