சாயமில்லாத கிலுகிலுப்பை

படாளத்திலிருந்து பஸ் ஏறி வந்த காசிநாதன், மாமல்லபுரம் கடற்கரைக் கடையில் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கடைக்காரி பிரபாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா அண்ணாத்த, பொம்மை வாங்க வந்தியா, பெயின்ட் உரிக்க வந்தியா?”

“சாயமே இல்லாத கிலுகிலுப்பை ஒண்ணு குடும்மா. எம் பொண்ணு எதக் குடுத்தாலும் வாயில வச்சிக்கும்.”

“எல்லாக் கொழந்தையும் அப்டித்தான். வேற பொம்மையே இல்லியா அதுக்கு?”

“கையில செவப்பு ஒண்ணு வச்சிகினு கீது. அந்தச் சாயம் வெஷம்னு டாக்டரு காலைலதான் சொன்னாரு.”

“அய்யய்யோ! மொதல்ல அதப் புடுங்கி எறி.”

“புடுங்குனா வுடாதும்மா. வேற ஒண்ணு காட்டினாத்தான் கையில இருக்கறதப் போடும்.”

பிரபாவின் குரல் இளகிவிட்டது. உள்ளே தேடி, வெறும் மரத்தில் கடைந்த கிலுகிலுப்பை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவன் அதை முகர்ந்தான். தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தான்.

“நல்லா கடிக்கட்டும், ஒண்ணும் ஆவாது. மண்ணுல மட்டும் போட்டு வைக்காத அண்ணாத்த, கரையான் அரிச்சிடும்.”

காசிநாதன் அதைத் துண்டில் பத்திரமாகச் சுற்றினான்.

“மண்ணுலதாம்மா வைக்கணும். நேத்து அடக்கம் பண்றப்ப, ஆசையா வெளையாடுச்சேன்னு அந்தச் செவப்பையே கையில குடுத்து மூடிட்டோம். நாளைக்குப் பால் ஊத்தப் போறப்ப இதக் காட்டினா, அதப் போட்டுடும், இல்லம்மா?”