ஹ்லெங்கிவே அம்மாவின் ரத்தம்

டர்பன் நகரத்து ஆய்வகத்தில் டாக்டர் போங்கெகிலே பல வருடங்களாக ஒரே பெண்ணின் ரத்தத்தை ஆராய்ந்துவந்தாள். ஹ்லெங்கிவே அம்மாவின் உடம்பில் எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் மருந்தே இல்லாமல் அவருடைய வெள்ளையணுக்கள் அதை அடக்கிவைத்திருந்தன. எப்படி என்றுதான் பிடிபடவில்லை. அதே கிருமி பிடித்த போங்கெகிலேயின் தங்கைக்கோ எந்த மருந்தும் கேட்காமல் போய்விட்டது.

ஜூலையில் ஹ்லெங்கிவே அம்மா ஒரு விபத்தில் இறந்துபோனார். போங்கெகிலே அவருடைய ஊருக்குப் போய்க் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள். ஆய்வுக்காகக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த அவருடைய ரத்தமும் செப்டம்பரில் தீர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் எட்டிப்பார்த்தாள். "டாக்டர், ஹ்லெங்கிவேன்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. ரத்தம் குடுக்கணுமாம்."

அவரேதான். சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால்களில் செம்மண் அப்பியிருந்தது.

"என்ன மகளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? ஊசியைக் குத்து. தங்கச்சி எப்படி இருக்கா?"

"மோசமாத்தான் இருக்காம்மா."

கை சில்லென்றிருந்தது. நாடி கிடைக்கவில்லை. ஆனாலும் ஊசி இறங்கியதும் குழாயில் ரத்தம் ஏறியது, கருஞ்சிவப்பாக, இளஞ்சூட்டோடு. கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது.

"அடுத்த வாரமும் வர முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரேன். ஆனா இப்பல்லாம் எந்த வண்டிக்காரனும் எனக்கு நிறுத்தமாட்டேங்கிறான். நடந்துதான் வரணும்."

போங்கெகிலே தலையாட்டிவிட்டு, அடுத்த குழாயை எடுத்துச் செருகினாள்.