உத்தரவு கேட்டல்

ஜூன் 10, திங்கள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. 'ஆடு சம்மதித்தது' என்று எழுதியிருக்கிறேன். 'ஆடு உடம்பைச் சிலிர்த்தது' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

அவள் பழைய வரியை அடித்தாள். கோடு கோணலாகப் போயிற்று. ஸ்கேல் வைத்து இன்னொரு முறை அடித்தாள்.

பகலில் அவளுக்குப் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கே கண்டது ஒரு கட்டத்தில், கருதியது வேறொரு கட்டத்தில் எழுதப்பட வேண்டும். கலந்தால் மாதிரியையே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

மாலையில் பாளையங்கோட்டையில் சமய வரலாற்று வகுப்பு. இந்த மாதப் பாடம் நரபலி.

முதல் நாளே எழுந்து கேட்டிருந்தாள், பலியாகிறவரிடம் யாராவது கேட்டார்களா என்று. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் தனக்கும் தெரியாது என்றார்.

தேடத் தொடங்கினாள்.

ஆண்டிஸ் மலையுச்சியில் பனியில் உறைந்து கிடைத்த ஒரு சிறுமியின் கூந்தலை ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசி ஓராண்டு நல்ல சாப்பாடு. கடைசி வாரங்களில் நிறைய மது.

பழைய கார்த்தேஜ் நகரில், பிள்ளையைப் பலி கொடுக்கும் தாய் அழக்கூடாது. பழைய கிரேக்கர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்து எழுதியதல்ல, கேட்டு எழுதியது.

நம் பக்கத்துக் கற்களில் நவகண்டம், தன்னைத்தானே பலி கொடுப்பது. ஒரு கையால் தன் முடியைத் தானே பிடித்து, மறு கையால் தன் கழுத்தில் வாளை வைத்திருக்கும் வீரன். சில கற்களில் முகம் சிரிக்கிறது. அவன் சிரித்ததா, சிற்பி வைத்ததா?

எங்கேயும் சம்மதம் கிடைத்ததாக வாங்கியவர்களே சொல்கிறார்கள். கொடுத்தவர் சொன்னதாக ஒரு வரிகூட அவளுக்கு அகப்படவில்லை.

நேற்று குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அக்கா செண்பகத்தின் குழந்தைக்கு.

செண்பகம் தவறிப்போய் ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து குழந்தை இவள் இடுப்பில்தான்.

இன்னொன்றும் நேற்றே முடிவாக வேண்டியிருந்தது. அக்காவின் கணவர் லிங்கதுரைக்கு இவளைக் கட்டிவைப்பது. கட்டாயம் ஒன்றும் இல்லை, சாமி முன்னால் உன் விருப்பத்தைச் சொன்னால் போதும் என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். சொல்லிக்கொண்டே புதுப்புடவையின் கொசுவத்தைச் சரிசெய்தாள்.

ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது சிலிர்த்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள்.

ஆடு சும்மா நின்றது.

மறுபடி தெளித்தார்கள். சித்தப்பா இவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படிச்ச ஆடு போல. யோசிச்சுக்கிட்டே நிக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு அதன் தலையில் ஒரு குடத்தைக் கவிழ்த்தார்கள். காதுக்குள் தண்ணீர் போயிற்று. ஆடு சிலிர்த்தது.

குலவை.

பந்தியில் ஈரல் துண்டுகளைப் பெரியம்மா பொறுக்கி அவள் இலையிலேயே வைத்தாள். வைத்தபடியே கேட்டாள், அத்தானைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதம்தானே என்று.

குழந்தை மடியில் கிடந்தது. காது வலியில் முனகிக்கொண்டு, அவள் பின்னலைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தது.

இழுத்தது.

அவள் தலை குனிந்தது.

பெரியம்மா பந்திக்கே கேட்கும்படி சொன்னாள்.

"பாத்தியளா, பிள்ள தலைய ஆட்டிட்டா. ஆனியிலயே நாள் பாத்துருவோம்."

மறுபடியும் குலவை.

இதையும் இப்போது பதிய வேண்டும்.

கண்டது: குழந்தை பின்னலை இழுத்தது. தலை குனிந்தது.

கருதியது என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இழுத்ததால் குனிந்ததா? குனிய இருந்தபோது இழுத்ததா? இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது. கை கழுவி எழும்வரை இருந்தது. அவள் சொல்லவில்லை.

குழந்தையை விட்டு இருக்க முடியாது. அது நிச்சயம். அத்தானோடு இருக்க முடியுமா? அதற்கு அவளிடம் எந்தச் சான்றும் இல்லை.

எழுந்து பீரோக் கண்ணாடியின் முன் நின்றாள். இடது கையால் பின்னலைப் பிடித்தாள். எவ்வளவு இழுத்தால் தலை இறங்குகிறது என்று பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்.

கண்ணாடிக்குள் ஒருத்தி தன் முடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கையை எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பந்தியை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். யார் எங்கே இருந்தார்கள். பெரியம்மா குனிந்தபடி. அம்மா தண்ணீர்ச் செம்போடு. சித்தப்பா இலையை மடித்துக்கொண்டு.

அத்தான் ரச வாளியோடு வரிசையின் நடுவில். குலவை கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். சாய்ந்த கரண்டியிலிருந்து ரசம் இறங்கிக்கொண்டே இருந்தது. இலை நிறைந்து, எதிரே இருந்தவர் வேட்டிவரை ஓடியது. அத்தான் அதைப் பார்க்கவில்லை.

இது கண்டது.

அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

இதுவும் கண்டது.

அந்த இரண்டு வரிகளையும் கண்டதில் சேர்த்தாள். பிறகு கீழே எழுதினாள்.

நாளை: மாலை ஆறு மணிக்கு வகுப்பு. அதற்கு முன் அத்தானின் கடைக்குப் போக வேண்டும். உங்களைக் கேட்டார்களா என்று கேட்க வேண்டும்.